உப்புக் காற்றில் ஒரு தையல் அறை

கையால் தைக்கும்போது ஊசியும் நூலும் முழுசாகத் துணியைக் கடந்து மறுபக்கம் போகின்றன. அங்கே விரல்கள் ஊசியை வாங்கித் திருப்பி அனுப்புகின்றன. மிஷினில் அதற்கு வழியே இல்லை. ஊசியின் தலை மிஷினோடு பூட்டிக் கிடக்கிறது. நூலின் மறுமுனை மேலே கண்டில் சுற்றியிருக்கிறது. துணிக்குள் இறங்கிய நூல், இறங்கிய ஓட்டை வழியாகவே மேலே வந்தாக வேண்டும். அப்படி வந்துவிட்டால் தையல் ஏது?

இந்தக் கேள்வி ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பல பத்தாண்டுகள் திணறடித்தது. பிரான்சில் பார்த்தெலெமி திமோனியே என்ற தையற்காரர் 1830-ல் ஒரு விடை கண்டார். அவருடைய மிஷின் ஒரே நூலால் சங்கிலித் தையல் போட்டது. ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம், அதற்குள் இன்னொன்று. இன்றைக்கும் அரிசி மூட்டையின் வாயை இப்படித்தான் தைக்கிறார்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். மூட்டைக்கு அது வசதி, சட்டைக்கு ஆபத்து. திமோனியேவின் மிஷின்களைப் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய பாரிஸ் தையற்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள்.

பிரியாத தையலுக்கு இரண்டு நூல் வேண்டும். அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்ற மிஷினில் ஊசியின் கண் கூர்முனைக்கு அருகே இருந்தது. கீழே இரண்டாவது நூலைச் சுமந்து ஒரு நாடா ஓடியது. நெசவுத் தறியில் ஓடும் அதே நாடா, அதாவது ஷட்டில். 1851-ல் ஐசக் சிங்கர் ஊசியை நேராக நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டையும் சேர்த்து, வீட்டுக்குள் நுழையத்தக்க ஒரு வடிவத்தைக் கொடுத்தார். ஆலன் வில்சன் என்பவர் துணியை நகர்த்தும் பற்களைச் செய்தார். அந்தப் பற்கள் மேலே எழும், துணியைத் தள்ளும், கீழே இறங்கும், பின்னால் வரும். நம் வீட்டுக் கால் மிஷினில் ஃபுட்டுக்கு அடியில் இன்றும் அந்த நான்கு அசைவுகளே நடக்கின்றன.

ஆனால் உண்மையான அதிசயம் தகட்டுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஒரு 14 நம்பர் ஊசியைக் கையில் எடுத்து விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். ஒரு பக்கம் நீளமான பள்ளம் ஓடும். மறுபக்கம் கண்ணுக்குச் சற்று மேலே ஒரு சிறு குழி இருக்கும். ஊசி துணிக்குள் இறங்கி, அடிமட்டத்தைத் தொட்டு, மீண்டும் சுமார் 2 மில்லிமீட்டர் மேலே எழுகிறது. பள்ளத்தில் பதுங்கிய நூல் துணியில் உரசாமல் ஊசியோடு நழுவி ஏறிவிடும். குழிப் பக்கத்து நூலைத் துணி பிடித்துக்கொள்கிறது. மேலே போக முடியாத அந்த நூல் பக்கவாட்டில் பிதுங்கி ஒரு சிறு வளையமாக நிற்கிறது. அந்தக் கணத்தில் ஷட்டிலின் கொக்கி வந்து வளையத்துக்குள் நுழைகிறது. வளையத்தை விரித்து, கீழ்நூல் சுற்றிய பாபினை முழுவதுமாகச் சுற்றிக் கடத்திவிடுகிறது. உடனே மிஷினின் முகப்பில் மேலும் கீழும் ஆடும் கை மிச்ச நூலை வெடுக்கென்று மேலே இழுக்கிறது. இரண்டு நூலும் துணியின் கனத்துக்குள்ளேயே ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. துணியின் கனம் 0.3 மில்லிமீட்டர் என்றால் பூட்டு விழ வேண்டிய இடம் அதன் நடுப்பாதி.

ஒரு தையலுக்குச் செலவாகும் மேல்நூல் சில மில்லிமீட்டர்தான். பாபினைச் சுற்றிவர நீளமான நூல் வேண்டும். அதனால் அதே நூல் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, துணியில் நிலையாகத் தங்குவதற்குள் ஊசிக் கண்ணை இருபது, முப்பது முறை கடந்துவிடுகிறது. கொக்கியின் நுனிக்கும் ஊசியின் குழிக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். அது கூடினால் கொக்கி வளையத்தைத் தவறவிடும், தையல் விட்டுவிட்டு விழும். குறைந்தால் ஊசியை உரசி முறிக்கும்.

இவ்வளவு நுட்பமான ஒரு கருவி ராயபுரத்திலோ காசிமேட்டிலோ எர்ணாவூரிலோ ஒரு வீட்டில் நிற்கிறது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில், கிடைத்த மூலையில். அலை உடையும் ஓசை கேட்கும் தூரத்தில் கடல். வடசென்னையில் தையல் மிஷின் பொழுதுபோக்குப் பொருளாக வந்ததில்லை. பெரம்பூர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போன சத்தியவாணி முத்துவின் பெயரில் தமிழக அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. கணவரை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் இலவசமாகத் தையல் மிஷின் தரும் திட்டம் அது. சத்துணவு சாப்பிடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுதோறும் கொடுக்கும் 4 செட் சீருடையைத் தைப்பவர்கள் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். துணியை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் தைத்துக் கொடுக்கிறார்கள். கூலி எண்ணிக்கைக்கு. எத்தனை தைத்தார்களோ அத்தனைக்குக் காசு. நூல் ஒருமுறை அறுந்தால், ஊசி ஒன்று முறிந்தால், அந்த நேரத்தின் நஷ்டம் தைப்பவருடையது.

அதனால்தான் தையல் அறை என்பதை வசதியுள்ளவர்களின் ஆசை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பத்துக்குப் பத்து அறை முழுவதும் கிடைக்காமல் போகலாம். ஒரு சுவரும் ஒரு ஜன்னலும் கிடைத்தாலும் அதை அறிந்து அமைக்க வேண்டும். மிஷினை வாங்கினால் பாதி வாங்கியாயிற்று. அது நிற்கும் இடம் மறுபாதி. காந்திகிராமத்தைப் பின்னாளில் நிறுவிய ஜி. ராமச்சந்திரன் 1924-ல் காந்தியிடம், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். காந்தி சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். வீட்டில் ஒருத்தி படும் பாட்டைக் குறைக்கும் அன்பிலிருந்து பிறந்த கருவி என்று அதை அவர் பார்த்தார். அந்த அன்பு மிஷினோடு நின்றுவிடாமல் அது நிற்கும் மூலைக்கும் போய்ச் சேர வேண்டும்.

அந்த மூலையின் முதல் எதிரி உப்பு.

கடல்நீர் ஆவியாகும்போது உப்பு மேலே வருவதில்லை. பின் கரையோரக் காற்றில் உப்பு எப்படி வந்தது? அலை உடையும்போது கோடிக்கணக்கான காற்றுக் குமிழ்கள் நீருக்குள் சிக்குகின்றன. ஒவ்வொரு குமிழும் மேலே வந்து வெடிக்கும்போது மெல்லிய நீர்த்துளிகளைத் தெறிக்கவிடுகிறது. துளியின் நீர் காற்றில் உலர, உப்புத் துகள் மட்டும் மிதந்து வருகிறது. பெரிய துகள்கள் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடுகின்றன. உப்பின் தாக்குதல் அந்தச் சில நூறு மீட்டரில்தான் மிகக் கடுமை. ராயபுரத்துக்கு இதில் ஒரு கூடுதல் சுமை உண்டு. 1870-களில் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியபின், தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணல் துறைமுகச் சுவரில் தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே மணல் வரத்து நின்று ராயபுரம் கரையை அலை அரித்தது. பாறைகளைக் கொட்டித் தடுத்தார்கள். கடல் வீடுகளுக்குக் கிட்டே வந்துவிட்டது, அலையும் இப்போது பாறையில் மோதி உடைகிறது.

உப்பு வந்து உட்கார்ந்தால் மட்டும் துரு பிடித்துவிடாது. ஈரம் வேண்டும். 1930-களில் லண்டனில் வெர்னன் என்ற வேதியியலாளர் இரும்புத் துண்டுகளைக் காற்றில் வைத்து ஆராய்ந்தார். காற்றின் ஈரப்பதம் கிட்டத்தட்ட 60 சதவீதத்தைத் தாண்டும்வரை துரு மிக மெதுவாகவே வளர்ந்தது. தாண்டியதும் சட்டென்று வேகமெடுத்தது. காற்றில் கந்தக டை ஆக்சைடு கலந்திருந்தால் அந்த வேகம் இன்னும் கூடியது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி காலை ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். எண்ணூர், மணலி பக்கம் நிலக்கரியும் எண்ணெயும் எரிகின்றன. வெர்னன் சொன்ன இரண்டும் இங்கே சேர்ந்தே கிடைக்கின்றன.

உப்பு இந்த ஈரத்தை மேலும் மோசமாக்குகிறது. தூய சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது 35 சதவீதத்துக்குக் குறைவான ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். ஆக, உப்பு படிந்த இரும்பு எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலத்தைப் போர்த்தியிருக்கிறது. கைக்கு உலர்ந்ததாகத் தெரியும், இரும்புக்கு அது ஈரம்தான். அதைவிடக் கொடுமை, குளோரைடு இந்த வேலையில் தீர்ந்துபோவதில்லை. இரும்பைத் துருவாக்கிவிட்டு விடுபட்டு அடுத்த இரும்புக்குப் போகிறது. ஒருமுறை படிந்த உப்பைத் துடைத்து எடுக்காதவரை அது வேலை செய்துகொண்டே இருக்கும். நம் விரல் வியர்வையிலும் இதே உப்புதான்.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், இந்தியாவில் எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கப்படுகிறது என்று வரைபடமே போட்டது. மண்டபத்தில் கடலோரமாக உலோகத் துண்டுகளை வெயிலிலும் உப்பிலும் விட்டுவைத்துச் சோதிக்கும் நிலையம் ஒன்றையும் நடத்துகிறது. பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் குழாய்களுக்கும் அந்த ஆராய்ச்சி பயன்படுகிறது. ஒரு பாலம் சில மில்லிமீட்டர் இரும்பை இழந்தும் நிற்கும். தையல் மிஷினின் கொக்கி 0.1 மில்லிமீட்டரை இழந்தாலே தையல் போச்சு.

துரு முதலில் கை வைப்பது பெரிய பாகங்களில் இல்லை. பாபின் கேஸின் பக்கத்தில் ஒரு சிறு ஸ்பிரிங் தகடு இருக்கிறது. கீழ்நூல் அதற்கு அடியில் நழுவி வருகிறது. கீழ்நூலின் இறுக்கம் முழுவதும் அந்தத் தகட்டின் கையில். அதன் அடியில் பொடித் துரு ஏறினால் நூல் ஒரு நேரம் இறுகும், ஒரு நேரம் தளரும். "அக்கா, கீழ்நூல் சிக்குது" என்று கற்றுக்கொள்ள வரும் பெண் சொல்லும்போது பாதி நேரம் குற்றவாளி இந்த இடம்தான். மேல் திருகை எவ்வளவு திருகினாலும் சரியாகாது. கேஸைக் கழற்றி, மெல்லிய காகிதத்தைத் தகட்டுக்கு அடியில் நுழைத்து இழுத்தால் அழுக்கு வெளியே வரும். ஊசியின் பள்ளத்தில் விழும் துருப்புள்ளி இன்னொரு வகை. கண்ணுக்குத் தெரியாது. இருபது முறை அதில் உரசிப் போகும் நூலுக்குத் தெரியும். நூல் சிலும்பும், பிறகு அறும்.

எண்ணூரில் சாம்பலும் உண்டு. அனல்மின் நிலையத்திலிருந்து வரும் உலர்சாம்பலில் குவார்ட்ஸ் போன்ற கடினமான கனிமத் துகள்கள் இருக்கின்றன. எண்ணெய் விட்ட இடத்தில் அவை ஒட்டிக்கொண்டால், உயவுக்கு விட்ட எண்ணெயே அரைக்கும் பசையாகிவிடும். அதனால் அந்தப் பக்கத்து வீடுகளில் எண்ணெய் விடுவதற்கு முன் பழைய எண்ணெயைத் துடைத்து எடுப்பது பாதி வேலை. எண்ணெயும் மிஷின் எண்ணெயாகவே இருக்க வேண்டும். அது கனிம எண்ணெய், மிக மெல்லியது, காற்றோடு வினைபுரிந்து கெட்டியாகாது. கையருகே இருக்கிறதே என்று சமையல் எண்ணெயை விட்டால், கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சில வாரங்களில் ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக மாறிவிடும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது. ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழி விடியலில் சக்கரம் கனக்கும். அப்படிச் சிக்கிய மிஷினைத்தான் மெக்கானிக் மண்ணெண்ணெய் விட்டு ஓட்டிக் கழுவுகிறார்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் மிஷினை எங்கே நிறுத்துவது என்பது தெளிவாகிறது. கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வேண்டாம். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று புகும்போது மனசு குளிரும், உப்பும் அதே வழியில்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று நேராகக் கடலிலிருந்து வருகிறது, அலையும் அப்போது பெரிது. கிழக்குச் சுவரை விட்டு உள்சுவரை ஒட்டி மிஷினை வைக்கலாம். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய்த் துணி ஒன்றால் ஊசிக்கம்பி, பற்கள், தகடு ஆகியவற்றை ஒற்றி, மரப்பெட்டியாலோ கனத்த பருத்தித் துணியாலோ மூடலாம். ஈரம் இருக்கும் மிஷினை பிளாஸ்டிக் உறையால் மூடினால் அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டியதாகும்.

காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் இறங்கும் என்பது இன்னொரு நல்ல துணை. 27 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 32 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழ 64 சதவீதமாகிவிடும். நீர் அதே அளவுதான் இருக்கிறது. சூடான காற்று இன்னும் நிறைய நீரைத் தாங்கும் என்பதால் இரும்பில் படிய அவசரப்படுவதில்லை. கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸ் பெட்டிக்குள் சிறு குண்டு பல்பு எரியவிட்டது இதற்காகத்தான். கத்தரி, ஊசி, பாபின் வைக்கும் டப்பாவுக்கு அவ்வளவு தேவையில்லை. இறுக மூடும் டப்பா ஒன்றும், அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும், எண்ணெய் தோய்ந்த ஃபிளானல் துண்டும் போதும்.

இரும்புக்குப் பகையான இந்த ஈரம் பருத்திக்கு உறவு. பருத்தி நார் காற்றிலிருந்து தன் எடையில் 8 சதவீதம் போல நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீர் ஏறிய நார் வளைந்து கொடுக்கும், பலமும் கூடும். உலர்ந்த காற்றில் பருத்தி நூல் மொறுமொறுவென்று அறும். மில்களுக்குள் வேண்டுமென்றே ஈரத்தைத் தெளித்துவைத்திருந்தது அதனால்தான். பெரம்பூரில் 1876-ல் பக்கிங்காம் மில்லும் 1881-ல் கர்நாடிக் மில்லும் எழுந்தன. பின்னி மில் என்று ஊரே அழைத்த அந்த இரட்டை மில்லின் காக்கித் துணி நாடெங்கும் சீருடையானது. 1996-ல் அது மூடும்வரை வடசென்னையின் எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சங்கொலியில் எழுந்தன. மில் போனது. துணியோடு பழகிய கைகள் வீடுகளுக்குள் மிஷின் முன் உட்கார்ந்திருக்கின்றன. இன்று பெரும்பாலும் கையில் இருப்பது பாலியெஸ்டர் நூல். அது உறிஞ்சும் நீர் அரை சதவீதம்கூட இல்லை, எந்தக் காலத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஆனால் தைக்க வாங்கிவைத்த சீருடைத் துணிக் கட்டுகளில் பருத்தி கலந்திருந்தால் ஈரம் ஏறும், பூஞ்சைப் புள்ளி விழும். கட்டுகளைத் தரையிலும் கடல் பார்த்த சுவரிலும் படாமல், காற்று கீழே புகுந்து போகும்படி பலகைமேல் அடுக்குவது நல்லது.

நூலில் இன்னொன்றையும் கவனியுங்கள். தையல் நூலைப் பிடித்து உற்றுப் பார்த்தால் முறுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். பெரும்பாலான தையல் நூலில் அது இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். ஷட்டில் நூலைச் சுற்றிக் கடத்தும்போது ஒரு திசையில் முறுக்கு ஏறும், எதிர்த்திசையில் அவிழும். மிஷினின் போக்குக்கு ஏற்ற திசையில் முறுக்கிய நூல் இறுகிக்கொண்டே போகும். எதிர்த்திசையில் முறுக்கியதைப் போட்டால் ஊசிக்கண் அருகே இழை இழையாகப் பிரியும். மலிவாகக் கிடைத்தது என்று கைவேலை நூலை மிஷினில் போட்டுத் திண்டாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வெளிச்சம். எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம், ஏனென்றால் உப்பு மிஷினைத் தின்கிறது, இருட்டு தைப்பவரின் கண்ணைத் தின்கிறது. தையல் வேலை நடக்கும் மேசையில் 750 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்று ஐரோப்பியத் தரநிர்ணயம் சொல்கிறது. கூரையில் ஒரே ஒரு டியூப்லைட் எரியும் நம் வீட்டு அறையில் மேசைமேல் விழுவது பெரும்பாலும் 100 முதல் 200 லக்ஸ்தான். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேரும். மருமகள் உட்கார்ந்து தைக்கும் அதே விளக்கில் மாமியாரால் கறுப்பு நூலைக் கோக்க முடியாததற்குக் காரணம் கைநடுக்கம் இல்லை.

நல்ல வெளிச்சம் இரண்டு விதமாக உதவுகிறது. ஒன்று, கூடுதல் ஒளி. இன்னொன்று, வெளிச்சம் கூடும்போது கண்மணி சிறுக்கிறது, சிறுத்த கண்மணியில் கிட்டத்துப் பொருளும் எட்டத்துப் பொருளும் ஏறத்தாழ ஒன்றாகத் தெளிவடைகின்றன. நாற்பதைத் தாண்டியவர் ஊசி கோக்க வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துப் பிடிப்பது இதனால்தான். அந்த வாசலை மிஷினுக்குக் கொண்டுவர ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு போதும். சின்ன பல்பிலிருந்து தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். கூரையிலிருக்கும் விளக்கை மாற்றிச் செலவழிப்பதைவிட, வளையும் கழுத்துள்ள விளக்கொன்றை ஊசியிலிருந்து ஒரு முழத்தில் வைப்பது பலன் தரும்.

எந்தப் பக்கம்? தைப்பவரின் இடப்பக்கம். மிஷினின் தூண் வலப்பக்கம் நிற்கிறது, ஊசி இடக்கோடியில் இறங்குகிறது. வலப்பக்கத்து வெளிச்சம் தூணின் நிழலை ஊசிமேல் கவிழ்த்துவிடும். விளக்கைச் சற்றுச் சாய்வாக, தாழ்வாக வைத்தால் கறுப்புத் துணியில் கறுப்புத் தையல்கூடத் தெரியும். ஒவ்வொரு தையலும் தன் பக்கத்தில் ஒரு சின்ன நிழலை வைத்துக்கொள்கிறது, கண் அந்த நிழலைப் பிடித்துக்கொள்கிறது.

ஜன்னல் வடக்கில் இருப்பது சிறந்தது என்று ஐரோப்பிய ஓவியர்களும் தையற்கூடங்களும் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அங்கே சூரியன் தெற்கு வானத்தைவிட்டு நண்பகலில் நகர்வதில்லை, வடக்கு ஜன்னலில் நேர்வெயில் அநேகமாக விழாது. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரையில், ஏப்ரல் 24-ஐ ஒட்டி, நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே தாண்டிவிடும். ஆகஸ்ட் 18 வாக்கில்தான் திரும்பும். இடைப்பட்ட நான்கு மாதமும் வடக்கு ஜன்னல் காலையிலும் மாலையிலும் சாய்வெயிலை வாங்கும். ஆகவே நமக்கு வடக்கு ஜன்னலுக்கும் ஒரு பந்தலோ மெல்லிய வெள்ளைத் திரையோ வேண்டும். மற்ற எட்டு மாதம் வடக்கு வெளிச்சம் இங்கும் மெத்தென்று, நிழல் ஓடாமல் இருக்கும். கிழக்கில் உப்பு, மேற்கில் பிற்பகல் சூடு என்று பார்த்தால் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வடக்கு ஜன்னல் இன்னும் பொருத்தமே.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைக்குப் போகிறவர்கள் நூலையும் லைனிங் துணியையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து வெயிலில் வைத்துப் பார்ப்பார்கள். கடைக்குள் அச்சாகப் பொருந்திய மெரூன் வெளியே வந்ததும் வேறாகிவிடும். இரண்டு துணியில் இரண்டு வேறு சாயம் இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட விளக்கின் கீழ் இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி ஒளியை அனுப்பும், விளக்கு மாறினால் வேறுவேறாக அனுப்பும். மலிவான எல்.இ.டி.யின் ஒளியில் நீலம் தூக்கலாகவும் ஆழ்ந்த சிவப்பு குறைவாகவும் இருப்பதால் சிவப்புக் குடும்பத்து நிறங்கள்தான் அதிகம் ஏமாற்றும். விளக்கு வாங்கும்போது பெட்டியில் நிறத்தெளிவு எண் (CRI) 90-க்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது, மேட்சிங் பார்க்க மீண்டும் எம்.சி. ரோட்டுக்குப் போகும் பஸ் செலவை மிச்சப்படுத்தும்.

உடம்பையும் அறை தாங்க வேண்டும். கால் மிஷினில் பெடல் மேலும் கீழும் ஆடுகிறது, ஒரு கம்பி அதைச் சக்கரச் சுழற்சியாக்குகிறது. கம்பி உச்சியிலும் அடியிலும் நேர்கோட்டில் நிற்கும் இரண்டு இடங்களில் எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் அசையாது. கனமான இரும்புச் சக்கரம் தன் ஓட்டத்தாலேயே அந்த இடங்களைக் கடந்துவிடும். புதிதாகக் கற்பவர் மிதித்ததும் மிஷின் பின்னால் சுழன்று நூல் சிக்குவது அந்த முட்டுப்புள்ளியில் தொடங்குவதால்தான். வலக்கையால் மேல் சக்கரத்தை முன்பக்கம் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மிதிக்கச் சொல்வார்கள். பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றினால் மேலே சிறியது நாலைந்து முறை சுற்றும், சுற்றுக்கு ஒரு தையல். 2.5 மில்லிமீட்டர் தையல் என்றால் ஒரு மீட்டருக்கு 400 பூட்டு.

மோட்டார் வைத்துவிட்டால் காலுக்கு ஓய்வு. வீட்டு மிஷின் மோட்டார் 100 வாட் அளவில்தான் இருக்கும். தினமும் 5 மணி நேரம் இடைவிடாமல் ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி தினம் ஒரு மணி நேரம் சூடேறினால் அதே இரண்டு மாதத்தில் 60 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட் இலவசம் என்பதை வைத்துப் பார்த்தால் கணக்குப் பார்க்க வேண்டியது இஸ்திரியில்தான், மிஷினில் இல்லை. அதற்காக இஸ்திரியை விட்டுவிட முடியாது. பருத்தி இழையின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கும் மெல்லிய பிணைப்புகளை நீர் அவிழ்க்கிறது. சூடு அந்த நீரை விரட்டியதும் துணி எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே மீண்டும் பிணைந்துகொள்கிறது. ஒவ்வொரு தையலையும் அடித்த கையோடு தேய்த்துவிட்டு அடுத்ததைத் தைத்தால் ஜாக்கெட்டின் கழுத்து நிமிர்ந்து உட்காரும். இஸ்திரிக்குத் தனி பிளக் வேண்டும், மிஷினும் விளக்கும் வேறு பிளக்கில்.

இடம் குறைந்த வீட்டில் வெட்டும் வேலைதான் தரைக்குப் போய்விடுகிறது. குனிந்து துணி வெட்டும் முதுகு மாலைக்குள் பிடித்துக்கொள்ளும். சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகை ஒன்று, விரித்தால் இடுப்புயரத்தில், சுமார் 90 சென்டிமீட்டரில் நிற்கட்டும். மடக்கினால் அறை மீண்டும் அறைதான். மிஷின் முன் உட்காரும் நாற்காலி, முழங்கை மேசைமட்டத்துக்கு வரும் உயரத்தில் இருந்தால் தோள் தூக்காது. வழக்கமான பிளாஸ்டிக் ஸ்டூல் பலருக்குத் தாழ்வு. அடியில் ஒரு பலகையோ மேலே ஒரு கனத்த மெத்தையோ அதைச் சரிசெய்துவிடும்.

கடைசியாக, வடசென்னையில் இருந்துகொண்டு வெள்ளத்தை மறந்து ஓர் அறையைத் திட்டமிட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் மிதக்கும் தண்ணீரே புகுந்தது. பிளக்கை இடுப்புயரத்துக்கு மேல் வைப்பதும், மழை எச்சரிக்கை வந்ததும் மிஷினின் தலையை ஸ்டாண்டிலிருந்து பின்னால் சாய்த்துக் கழற்றிப் பரணில் ஏற்றுவதும் பெரிய வேலை இல்லை. தலையைத் தாங்குவது பின்பக்கத்து இரண்டு கீல் முனைகளும் அவற்றை இறுக்கும் திருகுகளும்தான்.

அப்படியும் தண்ணீரில் மூழ்கிவிட்டால், பதறி உடனே எண்ணெய் ஊற்றக் கூடாது. எண்ணெய்க்கு அடியில் உப்பு பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். மோட்டார் இருந்தால் முதலில் அதைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்துவிட வேண்டும், அது காய்ந்து சோதிக்கப்படும்வரை மின்சாரம் கொடுக்கவே கூடாது. மீதி இரும்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மண்ணெண்ணெயால் துடைத்தெடுத்துவிட்டு, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு நீரில் மட்டுமே கரையும், மண்ணெண்ணெயில் கரையாது. பிறகு ஷட்டிலையும் பாபின் கேஸையும் பிரித்து எடுத்து, மின்விசிறியின் முன் ஒரு பகல் முழுக்க உலரவிட்டு, அதற்கப்புறம் எல்லாத் துளைகளிலும் மிஷின் எண்ணெய். ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். மேலே சிவப்பு நூலும் கீழே வெள்ளை நூலும் கோத்து, பழைய வேட்டித் துண்டு ஒன்றில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மேல்பக்கம் வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம், கீழ்ப்பக்கம் சிவப்பு தெரிந்தால் மேல்நூல் தளர்ச்சி. இரண்டு பக்கமும் தன் நிறம் மட்டும் தெரிந்தால் பூட்டு துணியின் நடுவில் விழுகிறது, மிஷின் பிழைத்துவிட்டது.